6 லட்சத்துக்குள்ள பழைய ஃபோர்டு ஈகோஸ்போர்ட் டீசல் எடுக்கலாமா, இல்ல வேகன்ஆர் எடுக்கலாமா?

ரெண்டுமே நல்ல வண்டிதான், ஆனா ஃபோர்டு 2021லயே இந்தியாவுல கார் தயாரிக்கிறத நிறுத்தப்போறதா அறிவிச்சுட்டாங்க, அதனாலதான் ஈகோஸ்போர்ட் விலை இறங்கி கெடக்கு, சர்வீஸும் பார்ட்ஸும் இன்னும் கெடைக்குது ஆனா உங்க ஊர்லயே பார்ட்ஸ் கெடைக்குமா, ஃபோர்டு தெரிஞ்ச மெக்கானிக் இருக்காரான்னு விசாரிச்சுட்டு அட்வான்ஸ் குடுங்க. அந்த டீசல்ல டைமிங் பெல்ட் (இன்ஜின்ல ஓடுற, அப்பப்ப மாத்த வேண்டிய பெல்ட்) இருக்கு, மாத்துன பில் இல்லன்னா அந்த செலவ விலைல கழிச்சு பேசுங்க.

வேகன்ஆர்னா எந்த ஊர்லயும் பார்த்துருவாங்க, விக்கிறப்பவும் ஈஸி. ஆனா குளோபல் என்கேப் 2023 டெஸ்ட்ல (கார மோதவிட்டு பாதுகாப்பு பாக்குற டெஸ்ட்) பெரியவங்க பாதுகாப்புக்கு ஒரே ஒரு ஸ்டார்தான் (இத யாரும் கேக்கவே மாட்டேங்குறாங்க).

தினம் ஹைவே ஓட்டம்னா ஃபோர்டு. மார்க்கெட், ஸ்கூல் மட்டும்னா டீசலே வேணாம், டிபிஎஃப் (புகைக்கரிய பிடிக்கிற ஃபில்டர்) இருக்குற வண்டின்னா அது அடைச்சுக்கும்.