தூக்குக்கு முந்தைய நாட்கள்: குடும்பத்தார் அறிய வேண்டியவை

கேள்வி: கோவை மத்திய சிறையில் இருக்கும் என் தாய்மாமனின் தூக்குத் தண்டனையை உச்ச நீதிமன்றம் உறுதி செய்துவிட்டது, மறுஆய்வு மனுவும் தள்ளுபடியாகி, அந்தத் தகவலைச் சிறையில் சென்ற வாரம்தான் அவரிடம் தெரிவித்தார்களாம். கருணை மனு இன்னும் போடவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் ஒரு விடியற்காலையில் தூக்கிலிட்டு விடுவார்களோ என்று அம்மாயி உறங்காமல் கிடக்கிறார். அப்படி நடக்குமா? (வாசகர், கோபிசெட்டிபாளையம்)

பதில்: சட்டப்படி நடக்கக் கூடாது. ஆனாலும் அம்மாயியின் அச்சத்தை வீண் பயம் என்று தள்ளிவிட மாட்டேன். 2013 பிப்ரவரி 9 அன்று திகார் சிறையில், நாடாளுமன்றத் தாக்குதல் வழக்கில் தண்டிக்கப்பட்ட அப்சல் குரு தூக்கிலிடப்பட்டபோது, தகவல் சொல்லும் விரைவு அஞ்சல் காஷ்மீரில் இருந்த குடும்பத்தாரை எட்டியது எல்லாம் முடிந்த பிறகுதான். மறு ஆண்டு, 2014 ஜனவரி 21 அன்று, சத்ருகன் சவுகான் வழக்கில் உச்ச நீதிமன்றம், கருணை மனு நிராகரிக்கப்பட்டதைக் கைதிக்கும் குடும்பத்தாருக்கும் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்றும், அதைக் கைதி அறிந்த நாளுக்கும் தூக்கு நாளுக்கும் இடையே குறைந்தது 14 நாட்கள் இருக்க வேண்டும் என்றும், குடும்பத்தாருடன் கடைசிச் சந்திப்பு நடந்தாக வேண்டும் என்றும் வரையறுத்தது. எனவே அந்தச் சந்திப்பு அதிகாரி மனமிரங்கித் தரும் சலுகையன்று.

உங்கள் மாமன் அந்தக் கட்டத்துக்கு இன்னும் வரவில்லை. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 472ஆம் பிரிவுப்படி, உச்ச நீதிமன்றத் தள்ளுபடியைச் சிறைக் கண்காணிப்பாளர் கைதிக்குத் தெரிவித்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் கருணை மனு போட வேண்டும். அதை உறவினரும் போடலாம் என்பதால் அம்மாயியே கையெழுத்திடலாம். முதலில் ஆளுநருக்குப் போட்டு, அங்கே மறுக்கப்பட்டால் 60 நாட்களுக்குள் குடியரசுத் தலைவருக்குப் போடலாம். இந்த 30 நாள் கணக்கில் ஒரு வாரம் கழிந்துவிட்டது. வழக்கறிஞருக்கு வசதியில்லை என்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை நாளையே அணுகுங்கள். கூடவே, வீட்டு முகவரியையும் இரண்டு கைப்பேசி எண்களையும் கண்காணிப்பாளரிடம் எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி வையுங்கள்.

மனுக்கள் எல்லாம் மறுக்கப்பட்டாலும் அந்த 14 நாட்கள் நீதிமன்றம் செல்வதற்கும் உரியவை. ராஜீவ் கொலை வழக்கில் 2011 செப்டம்பர் 9 எனத் தூக்கு நாள் குறித்த பிறகுதான், ஆகஸ்ட் 30 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. கருணை மனுக்களில் ஏற்பட்ட நீண்ட தாமதத்தைக் காட்டி 2014இல் உச்ச நீதிமன்றம் அத்தண்டனைகளை ஆயுளாகக் குறைத்தது.

அம்மாயியிடம் இதையும் சொல்லுங்கள்: தமிழ்நாட்டில் கடைசியாகத் தூக்கு நிறைவேறியது நம் சேலம் மத்திய சிறையில்தான், ஆனால் அது 1995 ஏப்ரலில்.