பக்தியில் குறையா, வேறு எதிலாவதா?

தினமும் வேண்டியும் மனசு வெறுமையாகவே இருக்கிறது, பக்தியில்தான் குறை என்று வீட்டில் சொல்கிறார்கள் என எழுதியிருக்கிறீர்கள். முதலில் பக்தியை எடை போடுவதை விடுங்கள்.

2010இல் லிம், புட்னம் என்ற இருவர் அமெரிக்கர்களிடம் செய்த ஆய்வில், மத ஈடுபாடு உள்ளவர்களின் மனநிறைவுக்குப் பெரும் காரணமாகத் தெரிந்தது, வழிபாட்டிடத்தில் கிடைத்த நெருங்கிய நண்பர்கள்தான். தனியாகச் செய்யும் பிரார்த்தனை அல்ல. நீங்களோ கதவைச் சாத்திக்கொண்டு வேண்டுகிறீர்கள். கூட்டு வழிபாட்டுக்குப் போங்கள். முடிந்ததும் நழுவாமல் நாலு பேரிடம் பேசுங்கள். நாற்காலி அடுக்க ஆள் தேடுவார்கள், கை கொடுங்கள். (பேச்சு தானாக வரும்.)

அப்புறம், 'கடவுள் என்னைத் தண்டிக்கிறார்' என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் உறுத்தியது. உளவியலாளர் கென்னத் பார்கமென்டின் ஆய்வுகளில், துன்பத்தைத் தெய்வ தண்டனையாகப் பார்ப்பவர்களிடம் மனச்சோர்வு கூடுதலாகவே காணப்பட்டது. பக்தி நிறைய இருந்தும் இப்படி ஆகலாம்.

தூக்கம் கெட்டுப் பல வாரமாகிறது என்கிறீர்களே, அதற்கு மருத்துவரைப் பாருங்கள். வேண்டுதலை நிறுத்த வேண்டியதில்லை, இரண்டும் சேர்ந்தே நடக்கட்டும்.