சந்தாப் புத்தகத்தில் தொடங்கிய பண்பாடு

அன்புள்ள ஐயா,

அமெரிக்காவில் குடியேறிய ஸ்வீடன்காரர்களின் சகோதர சங்கங்களைப் புகழ்ந்து எழுதியிருந்தீர்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கு ஸ்வீடிஷ் தெரியாது. டிசம்பர் 13 அன்று ஒரு பெண்ணின் தலையில் மெழுகுவர்த்திக் கிரீடத்தை வைத்து லூசியா விழா எடுக்கிறார்கள், அவ்வளவுதான். மொழியைத் தொலைத்துவிட்டு வேடம் கட்டுவதைப் பண்பாட்டைக் காப்பது என்று சொல்லலாமா?

ர., கோவை

அன்புள்ள ர.,

மொழி போவது பேரிழப்பு. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்தச் சங்கங்கள் பண்பாட்டைக் காக்கவென்றே பிறந்தவை என்று எண்ணிக்கொண்டு நீங்கள் அவற்றை அளக்கிறீர்கள். அவை நோய்க்கும் சாவுக்கும் அஞ்சிப் பிறந்தவை. 1880இல் சிகாகோவில் ஸ்வித்தியோட் சங்கமும், 1896இல் கனெக்டிகட்டின் நியூ ஹேவனில் வாசா சங்கமும் தொடங்கியபோது, வேலை செய்யும் இடத்தில் கை நசுங்கியவனுக்கு அரசு எதுவும் தராது. சந்தா கட்டியவன் படுத்துவிட்டால் சங்கம் பணம் கொடுத்தது. இறந்தால் அடக்கச் செலவை ஏற்றது. சந்தா கட்ட வந்தவர்கள் காபி குடித்தார்கள், ஊர்ப்பேச்சுப் பேசினார்கள், பாடினார்கள். பண்பாடு அப்படித்தான் உள்ளே வந்தது. (அவர்களுடைய ஆகஸ்டானா லூத்தரன் திருச்சபையே இரகசியச் சடங்குள்ள சங்கங்களைக் கண்டித்தது. அதையும் மீறித்தான் சேர்ந்தார்கள்.)

மொழியை அவர்கள் அலட்சியத்தால் மட்டும் விடவில்லை. முதல் உலகப்போரின்போது, 1918இல், அமெரிக்காவின் அயோவா மாநில ஆளுநர் வில்லியம் ஹார்டிங் பள்ளியிலும் ரயிலிலும் தொலைபேசியிலும் பொது வழிபாட்டிலும் ஆங்கிலம் மட்டுமே பேச வேண்டும் என்று அறிவித்தார். 1924ஆம் ஆண்டு அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் புதிதாக வருபவர்களின் எண்ணிக்கையைச் சுருக்கியது. ஊரிலிருந்து புதிதாக ஆள் வராத சங்கத்தில் யாரோடு ஸ்வீடிஷ் பேசுவது? 1935இல் முதுமையில் உதவித்தொகை தரும் அரசின் சமூகப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. பிறகு சந்தா கட்டுவதற்குப் பழைய அவசியம் குறைந்துகொண்டே போனது. அப்போதும் கட்டியவர்களை நான் மதிக்கிறேன்.

லூசியாவை வேடம் என்கிறீர்கள். ஆனால் அந்த மெழுகுவர்த்திக் கிரீட ஊர்வலம் ஸ்வீடன் முழுவதும் பரவியதே 1927இல் ஸ்டாக்ஹோம் செய்தித்தாள் ஒன்று நடத்திய லூசியா போட்டிக்குப் பிறகுதான். அதற்குள் குடியேறியவர்களில் பெரும்பாலோர் கப்பலேறிவிட்டார்கள். அவர்களில் பலர் தம் ஊரில் அந்த ஊர்வலத்தைப் பார்த்தே இருக்க மாட்டார்கள். பெட்டியில் கொண்டுவந்ததைப் பூட்டி வைத்திருந்தவர்களிடம் இது எப்படி வந்திருக்கும்? தாய்நாட்டை விடாமல் கவனித்துக்கொண்டிருந்ததால் வந்தது.

வாசா சங்கத்தின் ஆவணங்கள் இல்லினாயில் உள்ள பிஷப் ஹில் என்ற சிற்றூரில் இருக்கின்றன. ஸ்வீடனின் மதப் போதகர் எரிக் யான்சனின் சீடர்கள் 1846இல் உருவாக்கிய ஊர் அது. இத்தகைய சங்கங்களின் கூட்டக் குறிப்பேடுகளிலும் உறுப்பினர் பதிவேடுகளிலும்தான் யார் எங்கிருந்து வந்தார், யாருக்கு நோய், யாருக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்பதெல்லாம் எழுதப்பட்டது. பழைய ஏடுகள் ஸ்வீடிஷில் உள்ளவை. தாத்தாவின் பெயரைத் தேடி வரும் பேத்தி அந்தப் பக்கத்தில் வந்து நிற்கிறாள். படிக்கத் தெரியவில்லை. அங்கிருந்து அகராதியைக் கையில் எடுத்தவர்கள் இருக்கிறார்கள்.

அன்புடன்