காலயந்திரமும் அதன் ஆபத்துகளும்: எச். ஜி. வெல்ஸ் பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: காலத்தில் பயணிக்க உதவும் காலயந்திரம் என்ற எண்ணம் ஆங்கில எழுத்தாளர் வெல்ஸுக்கு எங்கிருந்து வந்தது?

பதில்: ஒரே நாளில் உதித்த எண்ணம் இல்லை. 1884இல் உதவித்தொகை கிடைத்து லண்டன் சவுத் கென்சிங்டனில் அறிவியல் படிக்கப் போனார். அங்கே அவருக்கு உயிரியல் கற்பித்தவர் டி. எச். ஹக்ஸ்லி, டார்வினின் பரிணாமக் கொள்கைக்காக மேடையேறி வாதாடியவர். 1888இல் கல்லூரி இதழில் 'த குரோனிக் ஆர்கோநாட்ஸ்' என்ற கதையை எழுதினார். கரு அதுதான். அதைப் பலமுறை திருத்தி எழுதிய பிறகே 1895இல் 'த டைம் மெஷின்' (காலயந்திரம்) என்ற நாவல் தொடராக வந்து, அதே ஆண்டில் நூலாகவும் வெளியானது.

கேள்வி: நாவலில் காலயந்திரத்தில் ஏறும் பயணி 8,02,701ஆம் ஆண்டுக்குப் போகிறார். அங்கே தரைக்கு மேலே சுகமாக வாழும் எலாய், நிலத்தடியில் வாழும் மார்லாக் என்று மனித இனத்தை இரண்டாகப் பிரித்தது டார்வினின் தாக்கமா, வர்க்கப் பார்வையா?

பதில்: இரண்டையும் பிரிக்க முடியாது. பரிணாமம் என்றால் எப்போதும் ஏறுமுகம் என்று அன்று பலர் நம்பினார்கள். விலங்கியலாளர் ரே லேன்கெஸ்டர் 1880இல் வெளியிட்ட நூலில் அதை மறுத்தார்: ஒட்டுண்ணிகள் சுகமான வாழ்க்கை கிடைத்ததும் உறுப்புகளை இழந்து எளிமையாகிவிடுகின்றன. எலாய் மக்கள் அந்த விதியின்படி மெலிந்தவர்கள். மார்லாக்குகளின் நிலத்தடி வாழ்க்கைக்கு இன்னொரு வேர் உண்டு. வெல்ஸின் தாயார் சசெக்ஸில் அப்பார்க் என்ற மாளிகையில் வேலைக்காரர்களுக்குத் தலைவியாக இருந்தார். அங்கே பணியாட்கள் புழங்கியது நிலத்தடி அறைகளிலும் சுரங்கப் பாதைகளிலும். துணிக்கடையில் பயிற்சி ஊழியராக இருந்த அனுபவமும் வெல்ஸுக்கு உண்டு. கீழிருந்து மேலே பார்த்தவர் எழுதிய கதை இது. அதனால்தான் 8,02,701ஆம் ஆண்டு இன்றும் உறைக்கிறது.

கேள்வி: யந்திரம் போய் நிற்கும் இடத்தில் சுவரோ மரமோ இருந்தால்?

பதில்: பயணியே அஞ்சுவது இதற்குத்தான். வேகமாக ஓடும்வரை யந்திரம் ஆவிபோலப் பொருள்களுக்குள் நழுவிப் போகும். நிறுத்தினால் அவருடைய மூலக்கூறுகளும் அங்கிருக்கும் பொருளின் மூலக்கூறுகளும் ஒன்றோடொன்று நெருக்கி வெடிக்கக்கூடும் என்று கணக்குப் போடுகிறார். கதை தொடாத ஆபத்து ஒன்று உண்டு. பூமி சூரியனைச் சுற்றி விநாடிக்குச் சுமார் 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. ஒரு மணி நேரம் தள்ளிப் போனால் அது 1,08,000 கிலோமீட்டர் நகர்ந்திருக்கும். வெல்ஸோ யந்திரம் தரையோடு சேர்ந்தே நகர்வதாக வைத்துக்கொள்கிறார். மார்லாக்குகள் அதைப் புல்வெளியிலிருந்து ஸ்பிங்ஸ் சிலையின் பீடத்துக்குள் இழுத்துப் போனதால், திரும்பும்போது ஆய்வுக்கூடத்தில் அதே தூரம் தள்ளி வந்து நிற்கிறது. அருமையான கவனம்!

கேள்வி: பயணி செய்த தவறுகள் என்ன?

பதில்: ஒன்றைச் சரியாகச் செய்தார்: இறங்கியதும் யந்திரத்தை இயக்கும் நெம்புகோல்களைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். ஆனால் ஆயுதமோ மருந்தோ கேமராவோ எடுத்துப் போகவில்லை. இருந்த தீக்குச்சிகளில் பாதியை எலாய்களுக்கு வேடிக்கை காட்டியே தீர்த்தார். மார்லாக்குகளின் நிலத்தடிக்குப் போகும் கிணற்றுக்குள் இறங்கியபோது மிச்சம் நான்கு. பாழடைந்த அருங்காட்சியகத்தில் கிடைத்த புதுக் குச்சிகளோ பெட்டியில் உரசினால் மட்டுமே பற்றுபவை. பீடத்துக்குள் இருட்டில் மார்லாக்குகள் சூழ்ந்தபோது பெட்டி கையில் இல்லை. நெம்புகோலை மாட்டும் முளைகளைத் தடவித் தடவித் தேட வேண்டியதாயிற்று. தன்னோடு ஒட்டிக்கொண்ட எலாய்ப் பெண் வீனாவைப் பறிகொடுத்ததிலும் அவர் பங்கு உண்டு: துரத்துபவர்களைத் தடுக்க மூட்டிய நெருப்பை அணைக்காமல் நடந்தார், அது காட்டையே பிடித்துக்கொண்டது.

கேள்வி: இறந்தகாலத்துக்குப் போய்த் தன் தாத்தாவையே கொன்றால், கொல்லப் போனவர் பிறந்திருக்கவே முடியாதே?

பதில்: இந்த நாவலின் கதை எதிர்காலத்தில் நடப்பதால் அந்தச் சிக்கல் எழவில்லை. காலம் வளையமாகத் திரும்பும் பிரபஞ்சத்தைப் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் கொள்கையின் சமன்பாடுகள் அனுமதிக்கின்றன என்று 1949இல் கணிதவியலாளர் கோடெல் காட்டினார். இயற்கையே அதைத் தடுக்கும் என்று இயற்பியலாளர் ஹாக்கிங் 1992இல் ஊகம் வைத்தார். நிரூபணம் இல்லை.

கேள்வி: எதிர்காலத்துக்காவது நிஜமாகப் போகலாமா?

பதில்: போகலாம், திரும்பத்தான் வழி இல்லை. வேகமாக ஓடுபவருக்குக் காலம் மெதுவாக நகரும். 1971இல் விமானத்தில் கிழக்கு நோக்கி உலகைச் சுற்றிய சீசியம் அணுக் கடிகாரங்கள் தரைக் கடிகாரத்தைவிட 59 நானோவிநாடி பின்தங்கின. உங்களுக்கு ஓர் ஆண்டு, பூமிக்குப் பத்தாண்டு என்றால் ஒளிவேகத்தில் 99.5 சதவீதம் வேண்டும். அந்த வேகத்தில் விண்வெளியில் மிதக்கும் ஹைட்ரஜன் அணுக்களே கொல்லும் கதிர்வீச்சாக மோதும்.

கேள்வி: நாவலின் முடிவில் வரும், அணையப்போகும் சிவப்புச் சூரியன் அறிவியலின்படி சரியா?

பதில்: அன்றைய அறிவியலுக்குச் சரி. சூரியன் சுருங்குவதால்தான் வெப்பம் வருகிறது, சில கோடி ஆண்டுகளில் அணைந்துவிடும் என்று இயற்பியலாளர் கெல்வின் சொன்ன காலம். அணுவுக்குள் ஆற்றல் இருப்பதற்குத் தடயமான கதிரியக்கமே 1896இல்தான் கண்டறியப்பட்டது. எனவே மூன்று கோடி ஆண்டுகளுக்கு அப்பால் பயணி குளிரில் நடுங்குகிறார், மூச்சுத் திணறுகிறார். இன்றைய கணக்கில் சூரியனுக்கு இன்னும் ஏறக்குறைய 500 கோடி ஆண்டு உண்டு. மெல்ல மெல்லப் பிரகாசம் கூடுகிறது. சுமார் 100 கோடி ஆண்டில் கடல்களே வற்றத் தொடங்கும். அங்கே இறங்குபவருக்குக் கம்பளி உதவாது, வெப்பக் காப்புடை வேண்டும்.