மூன்றாவது படி

வணக்கம் சார்,

நாமக்கல் பக்கம் 1200 சதுர அடியில் வீடு கட்டப்போகிறோம். எலிவேஷனுக்கு மட்டும் மூன்று லட்சம் ஆகும் என்கிறார் இஞ்சினியர். அந்தக் காசில் சமையலறையைப் பெரிதாக்கலாம் என்கிறாள் மனைவி. நல்ல கட்டடத்துக்கு எது முதலில், அழகா, பயன்பாடா? வாஸ்து பற்றியும் சொல்லுங்கள்.
ஆர்.

அன்புள்ள ஆர்.,

திருவனந்தபுரம் போய்வந்த மறுநாள் உங்கள் கடிதம் வந்தது. தம்பானூர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் இந்தியன் காபி ஹவுஸில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கட்டியது. தரை சாய்வாகச் சுற்றிச் சுற்றி மேலே ஏறுகிறது. மேசையும் பெஞ்சும் கட்டடத்தோடு சேர்த்துக் கட்டியவை. வெளிச்சுவர் நெடுகச் சின்னச் சின்னத் திறப்புகள். வெயில் அவற்றின் வழியே துண்டு துண்டாக மேசைமேல் விழுகிறது, காற்றும் வருகிறது. அந்தத் திறப்புதான் ஜன்னல், அதுவேதான் அலங்காரம். எது பயன், எது அழகு என்று பிரித்துக் காட்டுங்கள் பார்ப்போம்.

பேக்கரின் சுவர்களும் அப்படித்தான். செங்கல்லைப் படுக்கவைக்காமல் விளிம்பில் நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டுவார். ராட் டிராப் பாண்ட் என்பார்கள். ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு செங்கல் மிச்சம். உள்ளே அடைபட்ட காற்று சூட்டைத் தடுக்கும். மேலே பூச்சு கிடையாது. செங்கல் வரிசையே கண்ணுக்கு நிறைவாக இருக்கும்.

எலிவேஷன் என்று கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது. வீட்டின் முகம் எப்படி இருக்கும் என்று காட்டும் வரைபடத்துக்குப் பெயர் அது. அதைச் சுவரில் ஒட்டும் சரக்காக்கி விற்கிறார்கள், படித்த நீங்களும் விலை கேட்கிறீர்கள். மேற்கு வெயிலில் கண்ணாடியைப் பதித்துவிட்டு உள்ளே திரை போட்டு ஏசி மாட்டுவதற்குப் பெயர் அழகா?

1994இல் அப்பா வீடு கட்டினார். முன்னால் பால்கனி வேண்டுமென்று அடம்பிடித்தது நான். கிடைத்தது. சாயங்காலம் ஆறு மணிவரை அதில் கால்வைக்க முடியாது. பணம் அதிலேயே போய், சமையலறை சுருங்கிவிட்டது. அதற்கு ஒரே ஜன்னல், ஒன்றரை அடி தள்ளிப் பக்கத்து வீட்டுச் சுவர். அம்மா பதினொரு மணிக்குச் சாதம் வடித்துவிட்டு, முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே வந்து மாடிப்படியில் உட்காருவாள். மூன்றாவது படி. வாசல் காற்று அங்கேதான் வரும். ரெட் ஆக்சைடு அந்த ஒரு படியில் மட்டும் மினுமினுக்கும். அவள் போன பிறகுதான் அதை நான் கவனித்தேன்.

வாஸ்துவை விடுங்கள். உங்கள் மனைவி சொல்வது சரி. அஸ்திவாரம் தோண்டுமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் பாயும் குடையும் எடுத்துக்கொண்டு மனைக்குப் போய், காலையிலிருந்து பொழுது சாயும்வரை இருங்கள். வெயிலுக்கும் காற்றுக்கும் தகுந்தபடி உங்கள் மனைவி பாயை எங்கெல்லாம் நகர்த்திப் போடுகிறார் என்று பார்த்து, அந்த இடங்களைக் குறித்துக்கொண்டு போய் இஞ்சினியரிடம் காட்டுங்கள்.