வைஃபை மட்டும் ஏன் மக்கர் பண்ணுகிறது?

லினக்ஸ் (விண்டோஸுக்குப் பதில் போடக்கூடிய இயங்குதளம், அதாவது ஓஎஸ்; உபுண்டு, டெபியன் அதன் வகைகள்) லேப்டாப் பற்றிய வாசகர் கேள்விகளுக்கு மதுரை சிம்மக்கல் பக்கம் சர்வீஸ் கடை வைத்திருப்பவர் பதில் சொல்கிறார். கட்டளைகளைத் தமிழில் ஒலிப்படி கொடுத்திருக்கிறோம். அடிக்கும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடிக்கவும்.

அண்ணே, இன்ஜினியரிங் ரெண்டாம் வருஷம் படிக்கிறேன். செகண்ட் ஹேண்ட் லேப்டாப் ஒண்ணு வாங்கி உபுண்டு போட்டேன். ரூட்டர் பக்கத்துல உக்காந்தா வைஃபை நல்லா எடுக்குது. அடுத்த ரூமுக்குப் போனா செத்துருது. அதே இடத்துல அம்மா போன்ல சிக்னல் ஃபுல்லா நிக்குது. ஃபார்மட் அடிச்சு அடிச்சுப் பார்த்துட்டேன். பேசாம விண்டோஸுக்கே போயிரவா?
— கல்லூரி மாணவர், திருமங்கலம்

போக வேண்டாம் தம்பி. ஃபார்மட் அடிப்பதையும் இத்தோடு விட்டுவிடுங்கள். உள்ளே இருக்கும் சிப் மாறாதவரை, எத்தனை முறை ஓஎஸ் போட்டாலும் அந்தச் சிப்பை ஓட்டும் மென்பொருளான அதே டிரைவர்தான் வந்து உட்காரும்.

முதல் வேலை, சிப்பின் பெயரைக் கண்டுபிடிப்பது. லேப்டாப்பின் அடியில் ஒட்டியிருக்கும் மாடல் நம்பரை நம்பாதீர்கள். ஒரே மாடலில் வேறு வேறு வைஃபை கார்டு போட்டு விற்பது உண்டு. கட்டளை அடிக்கும் ஜன்னலான டெர்மினலைத் திறந்து எல், எஸ், பி, சி, ஐ என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, ஹைஃபனும் என்என்கே-யும் சேர்த்து என்டர் தட்டுங்கள். நெட்வொர்க் கன்ட்ரோலர் என்ற வரியில் சிப்பின் பெயர் இருக்கும். அதற்குக் கீழே, இப்போது எந்த டிரைவர் வேலை செய்கிறது என்றும் இருக்கும். இந்த இரண்டையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

நீங்கள் சொல்லும் அறிகுறிக்கு, அங்கே ரியல்டெக் ஆர்டிஎல்8723பிஇ என்று இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அந்தக் கார்டில் ஆன்டெனா செருக இரண்டு முனைகள் உண்டு. ஆனால் பல லேப்டாப்புகளில் ஒரே ஒரு ஆன்டெனா ஒயர்தான் வரும். எந்த முனையில் ஒயர் இருக்கிறது என்பதைக் கார்டுக்குள் பதிந்து வைத்திருப்பார்கள். அந்தப் பதிவு தவறாக இருந்தால், ஒயரே இல்லாத முனையில் டிரைவர் சிக்னலைத் தேடும். பக்கத்தில் இருந்தால் எடுப்பதும் தள்ளிப் போனால் சாவதும் அதனால்தான்.

அடுத்த ரூமில் உட்கார்ந்துகொண்டு என்எம்சிஎல்ஐ டெவ் வைஃபை என்று அடித்து, சிக்னல் என்ற பத்தியில் உங்கள் ரூட்டருக்கு என்ன எண் வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். நூறுக்கு எவ்வளவு என்ற கணக்கு அது. பிறகு சூடோ மோட்ப்ரோப் ஹைஃபன் ஆர் ஆர்டிஎல்8723பிஇ என்று அடித்து டிரைவரைக் கழற்றுங்கள் (சூடோ என்றால் நிர்வாகி அதிகாரத்தோடு ஓட்டுவது). அதே கட்டளையை ஹைஃபன் ஆர் இல்லாமல், கடைசியில் ஏஎன்டி, கீழ்க்கோடு, எஸ்இஎல், சமக்குறி, 1 என்று சேர்த்து மறுபடி ஏற்றுங்கள். சிக்னல் எண்ணைப் பாருங்கள். ஏறவில்லையா, கழற்றிவிட்டு 1-க்குப் பதில் 2 போடுங்கள். சரியான முனை கிடைத்தால் எண் சட்டென்று எகிறும், கண்ணாலேயே பார்க்கலாம். எது ஒத்துவந்ததோ அதை நிரந்தரமாக்க, இடிசி ஃபோல்டருக்குள் இருக்கும் மோட்ப்ரோப் டாட் டி-யில், பெயர் டாட் கான்ஃப் என்று முடியும் ஒரு ஃபைல் உருவாக்கி, ஆப்ஷன்ஸ் என்று தொடங்கி டிரைவர் பெயரையும் அந்த ஆப்ஷனையும் ஒரே வரியில் எழுதி வைத்தால் போதும்.

1, 2 இரண்டுமே ஒத்துவரவில்லை என்றால் மூடியைக் கழற்றிப் பார்க்க வேண்டும். பழைய லேப்டாப் ஏற்கெனவே யார் கையிலோ திறக்கப்பட்டிருக்கும். ரேமோ ஹார்ட் டிஸ்கோ மாற்றியவர் ஆன்டெனா ஒயரைச் செருகாமல் மூடியதை எங்கள் கடை மேஜையிலேயே பார்த்திருக்கிறேன். ஒயரின் நுனியில் கடுகைவிடக் கொஞ்சம் பெரிய வட்ட உலோக மூடி இருக்கும். அதை முனைக்கு நேர் மேலே வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினால் 'டிக்' என்று உட்காரும். சாய்த்து அழுத்தினால் நசுங்கிவிடும். பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டுத்தான் கையை வைக்க வேண்டும்.

மகளுக்கு ஸ்கூலில் கிடைத்த அரசு இலவச லேப்டாப் சும்மா கிடக்கிறது. சொந்தக்காரப் பையன் டெபியன் 11 போட்டுக் கொடுத்தான். வைஃபை என்ற பேச்சே இல்லை. கார்டு போய்விட்டதா, சார்?
— ஆசிரியை, உசிலம்பட்டி

கார்டு போயிருக்காது டீச்சர். 2011-இல் தொடங்கிய அந்தத் திட்டத்து லேப்டாப்புகள் விண்டோஸோடு, மத்திய அரசு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்த்தே வந்தவை. லினக்ஸ் அவற்றுக்குப் புதிதில்லை.

சூடோ என்று அடித்து, இடைவெளி விட்டு, டிமெசேஜ் என்று சொல்லும் டி, எம், இ, எஸ், ஜி கட்டளையை அடித்துப் பாருங்கள். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் கண் விழித்ததிலிருந்து பேசியதெல்லாம் ஓடும். அதில் ஃபர்ம்வேர் என்ற சொல்லும், ஒரு ஃபைல் பெயரும், கடைசியில் எரர் மைனஸ் 2 என்றும் இருக்கிறதா என்று தேடுங்கள். மைனஸ் 2 என்றால் கேட்ட ஃபைல் அங்கே இல்லை என்று பொருள். பழுது என்று பொருள் இல்லை.

வைஃபை சிப்புக்குள் ஒரு குட்டி கம்ப்யூட்டரே இருக்கிறது. கரண்ட் வந்ததும் அதற்கான மென்பொருளை டிரைவர் ஹார்ட் டிஸ்கிலிருந்து எடுத்து ஏற்ற வேண்டும். அதுதான் ஃபர்ம்வேர். உங்கள் லேப்டாப்பில் டிரைவர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டார், சாவி டிப்போவிலேயே இருக்கிறது. அந்த ஃபைல்களைக் கம்பெனிகள் மூலநிரல் இல்லாமல்தான் தருகின்றன. கட்டற்ற மென்பொருள் கொள்கையில் உறுதியாக இருந்த டெபியன், அவற்றைத் தன் வழக்கமான இன்ஸ்டாலரில் சேர்க்காமல் தனியே வைத்திருந்தது. 2022-இல் டெபியன்காரர்கள் ஓட்டெடுப்பு நடத்தி முடிவை மாற்றினார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் ஃபர்ம்வேர் இன்ஸ்டாலரிலேயே வருகிறது. அந்த முடிவு சரியானது என்பதே என் கருத்து. கொள்கை பெரிதுதான். ஆனால் இன்டர்நெட்டுக்கு வழி திறக்கும் ஃபைலையே இன்டர்நெட்டில் போய்த் தேடு என்றால் உசிலம்பட்டியில் இருக்கும் ஒரு டீச்சர் என்ன செய்வார்?

ஆகவே, முக்கியமான ஃபைல்களை வேறு இடத்தில் எடுத்து வைத்துவிட்டு, டெபியன் 12-ஐப் போடச் சொல்லுங்கள். அது வேண்டாம், இருப்பதையே சரிசெய்யலாம் என்றால் போனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து, போன் செட்டிங்ஸில் யூஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்யுங்கள். லேப்டாப் அதை ஒயர் இணைப்பாகவே எடுத்துக்கொள்ளும், வைஃபை தேவையே இல்லை. பிறகு பேக்கேஜ்கள் எங்கிருந்து வர வேண்டும் என்று எழுதியிருக்கும் சோர்ஸஸ் டாட் லிஸ்ட் ஃபைலில், கட்டற்றவை அல்லாதவற்றுக்கான நான்-ஃப்ரீ பகுதியைச் சேர்த்து அப்டேட் கொடுத்து, இன்டெல் சிப் என்றால் ஃபர்ம்வேர்-ஐடபிள்யுஎல்வைஃபை, ரியல்டெக் என்றால் ஃபர்ம்வேர்-ரியல்டெக் பேக்கேஜை நிறுவச் சொல்லுங்கள்.

நேற்றுவரை ஓடிய வைஃபை உபுண்டு அப்டேட் போட்டதும் காணாமல் போய்விட்டது. கடைக் கணக்கெல்லாம் அதில்தான் இருக்கிறது. பிராட்காம் பிசிஎம்43142 என்று காட்டுகிறது.
— வியாபாரி, மேலமாசி வீதி

கணக்குக்கு ஒன்றும் ஆகவில்லை, பதறாதீர்கள். ஆன் ஆகும்போது எஸ்கேப் கீயைத் தட்டி, எதை ஏற்ற வேண்டும் என்று கேட்கும் க்ரப் மெனுவை வரவழையுங்கள். அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸுக்குள் போய்ப் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுங்கள். பெரும்பாலும் வைஃபை வந்துவிடும். இன்றைய வியாபாரத்தை முடித்துவிட்டு ராத்திரி நிதானமாக மற்றதைப் பாருங்கள்.

உங்கள் சிப்புக்கான டபிள்யுஎல் என்ற டிரைவர் கெர்னலோடு சேர்ந்து வருவதில்லை. ஒவ்வொரு புதுக் கெர்னலுக்கும் டிகேஎம்எஸ் என்ற ஏற்பாடு அதை உங்கள் லேப்டாப்பிலேயே புதிதாகத் தயாரித்துக் கொடுக்க வேண்டும். அந்தக் கெர்னலுக்கு உரிய ஹெடர்ஸ் பேக்கேஜ் இல்லையென்றால் தயாரிப்பு நின்றுவிடும். டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ் என்று அடித்தால், புதுக் கெர்னலின் எண்ணுக்கு நேரே இன்ஸ்டால்டு என்று இருக்கிறதா இல்லையா என்று தெரியும். இல்லையென்றால் லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஜெனரிக்கை நிறுவி, பிசிஎம்டபிள்யுஎல்-கெர்னல்-சோர்ஸை மறுபடி நிறுவுங்கள்.

அதன் பிறகும் வரவில்லை என்றால், அங்கீகாரம் இல்லாத டிரைவரை ஏறவிடாத செக்யூர் பூட் என்ற காவல் ஏற்பாடு தடுக்கக்கூடும். டிரைவரை நிறுவும்போது பாஸ்வேர்டு ஒன்று போடச் சொல்லும். ரீஸ்டார்ட் செய்ததும் நீலத் திரை ஒன்று வரும். பத்தே வினாடிதான் காத்திருக்கும், அதற்குள் ஏதாவது ஒரு கீயைத் தட்டி, என்ரோல் எம்ஓகே என்பதைத் தேர்ந்தெடுத்து, அந்த பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டும். ஆன் செய்துவிட்டு டீ குடிக்கப் போனவர்கள் பலர் இதில்தான் கோட்டை விடுகிறார்கள். லேப்டாப்பை விட்டு நகராதீர்கள்.

ஆன்லைன் வகுப்பு நடுவில் அடிக்கடி கட்டாகிறது. சிக்னல் நன்றாகத்தான் இருக்கிறது.
— வாசகி, வாடிப்பட்டி

மின்சாரத்தை மிச்சப்படுத்த கார்டு இடையிடையே தூங்கப் போகிறது. உபுண்டுவில் இடிசி, நெட்வொர்க்மேனேஜர், கான்ஃப் டாட் டி என்று வரிசையாக உள்ளே போனால், பவர்சேவ் என்று பெயரில் வரும் ஒரு ஃபைல் இருக்கும். அதில் 3 என்று இருப்பதை 2 ஆக்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் இறங்கும், வகுப்பு முக்கியம். விண்டோஸும் சேர்ந்திருக்கும் லேப்டாப் என்றால், அங்கே ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பையும் அணைத்துவிடுங்கள். அது ஆனில் இருந்தால் ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக இறங்காது. கார்டு பாதி நிலையில் லினக்ஸ் கைக்கு வரும்.

போனில் தெரியும் எங்கள் வீட்டு வைஃபை, லேப்டாப் லிஸ்டிலேயே வரவில்லை. பக்கத்து வீட்டு வைஃபை வருகிறது!
— வாசகர், மேலூர்

ரூட்டர் 5 கிகாஹெர்ட்ஸில் மட்டும் ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள். 2.4 மட்டும் அறிந்த கார்டுக்கு அது தெரியவே தெரியாது. 2.4-தான் என்றால், ரூட்டர் 12 அல்லது 13-ஆம் சேனலில் போய் உட்கார்ந்திருக்கக்கூடும். இந்தியாவில் 13 வரை அனுமதி உண்டு. ஆனால் எந்த நாடு என்று தெரியாத கார்டு, 12, 13-இல் தானாகக் கூப்பிட்டுத் தேடாது, காதை மட்டும் தீட்டிக்கொண்டிருக்கும். சில கார்டுகள் அந்தப் பக்கமே போவதில்லை. ஐடபிள்யு ரெக் கெட் என்று அடித்தால் நாடு என்ற இடத்தில் 00 என்று வருகிறதா பாருங்கள். சூடோ ஐடபிள்யு ரெக் செட், பிறகு பெரிய எழுத்தில் ஐஎன் என்று கொடுத்தால் சில கார்டுகள் கேட்கும். எல்லாம் கேட்காது. அதைவிடச் சுலபம், ரூட்டர் செட்டிங்ஸில் சேனலை ஆட்டோவிலிருந்து மாற்றி 1, 6, 11 இவற்றில் ஒன்றில் நிறுத்துவது. பக்கத்து வீட்டு ரூட்டர் எதில் இருக்கிறதோ அதைத் தவிர்த்துவிடுங்கள்.