சிலிக்கனுக்கு ஒரே நாள்: நட்சத்திரக் கேள்வி பதில்

கல்லடியிலிருந்து: சேர், ஐதரசன் முடிந்த உடனே நட்சத்திரம் வெடிச்சிடுமா?

இல்லை. சூரியனைப்போல் 25 மடங்கு திணிவுள்ள ஒன்றை எடுங்கள். ஐதரசன் தீர ஏறக்குறைய 70 இலட்சம் வருடம், ஈலியம் தீர சில இலட்சம். பிறகுதான் அவதி: காபனுக்குச் சில நூறு வருடம், நியோனுக்கு ஒரு வருடமளவு, ஒட்சிசனுக்கு மாதக்கணக்கு, சிலிக்கனுக்கு ஒரே நாள். காபன் கட்டத்திலிருந்து நியூற்றினோக்கள் (எதனுடனும் அரிதாகவே மோதும் நுண் துணிக்கைகள்) சக்தியை அள்ளிக்கொண்டு நேரே வெளியே போய்விடுகின்றன. அந்த இழப்பை ஈடுகட்டத்தான் மையம் இன்னும் வேகமாக எரிகிறது.

அக்கரைப்பற்று உயர்தர மாணவி: கருக்கள் சேர்வது இரும்போடு நின்றுவிடும் என்கிறார்களே, சூட்டைக் கூட்டினால் இரும்பும் சேராதா?

சேரும், மகள். ஆனால் சக்தி தராது, கேட்கும். கருவில் ஒரு துணிக்கைக்கான பிணைப்புச்சக்தி (அதைக் கருவோடு கட்டிப்பிடிக்கும் சக்தி) இரும்பு, நிக்கல் பக்கம்தான் உச்சம். இன்னொன்று: இரண்டு சிலிக்கன் முட்டிச் சேர்வதாக நோட்ஸில் இருந்தால் வெட்டிவிடுங்கள். சுமார் 300 கோடி கெல்வினில் காமாக் கதிர் சில சிலிக்கன் கருக்களை உடைக்கும். உதிரும் அல்பாத் துணிக்கைகளை (ஈலியக் கருக்களை) மற்றவை ஒவ்வொன்றாகப் பிடித்து கந்தகம், ஆகன், கல்சியம் என ஏறும். முடிவது நிக்கல்-56இல். வெடித்துச் சிதறும் நிக்கல், கோபாற்று-56 வழியாகப் பிறகுதான் இரும்பாகிறது.

கல்முனையிலிருந்து: மையம் உள்ளே விழுந்தால் வெளியே எப்படி வெடிக்கிறது?

மையம் சூரியனின் 1.4 மடங்கை நெருங்கும்போது இலத்திரன் அமுக்கம் தாங்காது. புரோத்தன்கள் இலத்திரன்களை விழுங்கி நியூத்திரனாக, தாங்கிப் பிடித்ததே குறைகிறது. பூமியளவு மையம் ஒரு செக்கனுக்குள் சில பத்துக் கிலோமீற்றராக ஒடுங்கி, அணுக்கரு அடர்த்தியில் இறுகி, திருப்பி உதைக்கிறது. அந்த உதை மட்டும் போதாது, பாதி வழியில் சோர்ந்துவிடும். பின்னால் வரும் நியூற்றினோக்களில் ஒரு சிறு பங்கு சூடேற்ற, மறுபடி எழும். வெடிப்புச் சக்தியில் 99 வீதம் நியூற்றினோதான். கண்ணைப் பறிக்கும் ஒளி வெறும் சில்லறை. 1987 பெப்ரவரி 23 அன்று ஜப்பானின் கமியோகாண்டே கருவி, அப்படி வெடித்த ஒரு நட்சத்திரத்தின் ஒளி தெரிய முன்பே அதன் நியூற்றினோக்களில் பத்துச் சொச்சத்தைப் பிடித்தது.

ஏறாவூரிலிருந்து: சூரியன்?

வெடிக்காது. காபனைப் பற்றவைக்கத் திணிவு காணாது.

வாழைச்சேனையிலிருந்து: திருவாதிரை வெடித்தால் நமக்கு ஆபத்தா?

இல்லை, நூற்றுக்கணக்கான ஒளியாண்டு தூரம். பகலிலும் தெரியும், அவ்வளவுதான். 2019 கடைசியில் அது மங்கியது தூசியால். நம் அகலாங்கு வடக்கு 7.7 பாகை, அதன் சரிவு (வானத்தில் அகலாங்கு போன்றது) வடக்கு 7.4. ஆகவே மட்டக்களப்பில் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு நேரே கடக்கும். மாரி ஓய்ந்து பெப்ரவரி முதல் வாரம், இரவு 9 மணியளவில் முற்றத்தில் பாய் விரித்துப் படுத்துப் பாருங்கள். செம்மஞ்சளாக இருப்பதுதான் அது.